பக்கத்தில் உட்கார்ந்தது யார்?

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு திரும்பும் நேரத்தில் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் மிகவும் கொஞ்சம். "சாப்பாட்டு டப்பாவைக் காலி பண்ணினாயா?" என்பது முதல் கேள்வி. "பரீட்சைப் பேப்பர் கொடுத்தார்களா? எத்தனை மார்க்?" என்பது இரண்டாவது. அதற்குக் கிடைக்கும் பதில் தொண்ணூறுக்கு மேல் இருந்துவிட்டால் மூன்றாவதாக ஒரு கேள்வி பிறக்கும்: "யார் ஃபர்ஸ்ட்?" அத்துடன் விசாரணை முடிந்தது. பிள்ளை கை கால் கழுவப் போய்விடும். தாயார் அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள்.

"இன்று உன் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள்? வகுப்பில் யார் வரவில்லை? ஏன் வரவில்லையாம்?" என்று கேட்கிற வீடுகள் எத்தனை இருக்கும்? இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்த பிறகு, முதலில் கேட்க வேண்டிய கேள்வியே இதுதான் என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். எப்படி என்று சொல்கிறேன்.

1997 ஜனவரியில் சேலத்திலிருந்து பிரிந்து தனி ஜில்லாவான நாமக்கல் என்றவுடன் நமக்கு ஞாபகம் வருவது என்ன? ஒரே பாறையாக நிற்கும் மலையும் அதன்மேல் கோட்டையும், கூரையில்லாமல் வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு நிற்கும் ஆஞ்சநேயர், முட்டை, லாரி. இந்த நான்கும் போதாதென்று ஐந்தாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. அதுதான் மார்க்!

மார்க் அங்கே விளைந்த கதை சுவாரஸ்யமானது. வைத்தியப் படிப்புக்கும் பொறியியல் படிப்புக்கும் 1984 முதல் தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இருந்து வந்தது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பாதகம் என்று 2006-ல் சட்டசபையில் அதை எடுத்துவிட்டார்கள். அடுத்த வருஷம் முதல் பிளஸ் டூ மார்க் ஒன்றே எல்லாக் கதவுகளுக்கும் சாவி. 200-க்கு இத்தனை என்று 'கட்-ஆஃப்' கணக்குப் போட்டார்கள். அதில் கால் மார்க் குறைந்தால் ஒரு காலேஜ் கை நழுவியது. அரை மார்க் குறைந்தால் ஓர் உத்தியோகக் கனவே நழுவியது. அந்தக் கால் மார்க்கைப் பிடித்துத் தருகிறோம் என்று நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்து விடுதிப் பள்ளிகள் முன்வந்தன. பெற்றோர்கள் தமிழ்நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் டிரங்குப் பெட்டியும் வாளியுமாகப் பிள்ளைகளைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். பல பள்ளிகளில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பரண்மேல் போட்டுவிட்டு, இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே திருப்பித் திருப்பிப் படிக்கவைத்தார்கள்.

2017-ல் அரசாங்கம் இரண்டு காரியங்கள் செய்தது. பொதுத் தேர்வில் மாநிலத்தில் முதல், இரண்டாவது என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தை நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத் தேர்வு வைத்தது. அந்தப் பிளஸ் ஒன் தேர்வு 2025-26 கல்வி ஆண்டில் கைவிடப்பட்டுவிட்டது. ராங்க் பட்டியல் மட்டும் போனது போனதுதான். ஆனால் காகிதத்திலிருந்து போன ராங்க் நம் மனத்திலிருந்து போயிற்றா?

என் சித்தி மகள் ஒருத்தி, ராங்க் முறை கொடிகட்டிப் பறந்த நாட்களில், அந்த வட்டாரத்து விடுதிப் பள்ளி ஒன்றில் இரண்டு வருஷம் இருந்தாள். காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். இரவு பதினொரு மணிக்குத்தான் விளக்கு அணையும். தினம் ஒரு பரீட்சை. வாரக் கடைசியில் மார்க் வரிசைப்படி உட்காரும் இடத்தை மாற்றுவார்கள். இன்று பெங்களூரில் நல்ல உத்தியோகம் பார்க்கிறாள். அந்தப் பள்ளியைப் பற்றி அவள் குறை சொல்வதில்லை. "அங்கே படிக்காவிட்டால் எனக்கு இந்த வேலை ஏதுக்கா?" என்பாள். வாஸ்தவந்தான். தறிக்காரர் வீட்டிலிருந்தும் விவசாயி வீட்டிலிருந்தும் முதல் பட்டதாரிகளாகக் கிளம்பிய எத்தனையோ பேரை அந்தப் பள்ளிகள் கைதூக்கிவிட்டிருக்கின்றன. கடனை வாங்கிக் கட்டணம் கட்டிய தாய்மார்களைக் கேலி செய்ய எனக்கு மனம் வராது.

இருந்தாலும் ஒரு நாள் பேச்சுவாக்கில், "உன்னோடு அங்கே படித்த சிநேகிதிகள் யாராவது இப்போது பேசுகிறார்களா?" என்று கேட்டேன். யோசித்தாள். "பிளஸ் டூவில் கடைசி மூன்று மாசம் என் பக்கத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பேர் ஞாபகம் வரவில்லைக்கா. ஆயிரத்து நூற்று இருபத்து நாலு வாங்கினாள்" என்றாள்.

அவள் சொன்னதில் வருத்தம்கூட இல்லை. அதுதான் எனக்கு என்னவோபோல் இருந்தது.

பஸ் ஸ்டாண்டில் நாற்பது பேர் நிற்கிறார்கள்; எல்லாரும் ஒரே பஸ்ஸுக்குத்தான் காத்திருக்கிறார்கள். அதனால் அவர்களுக்குள் உறவு வந்துவிடுமா? பஸ் வந்ததும் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஏறுவார்கள். ஒரு வகுப்பறையையும் அப்படி நடத்த முடியும். மார்க்கும் வரும். ஆனால் அங்கே ஒரு குழந்தை அழுதால் ஏன் என்று கேட்க ஆள் இருக்காது. ஒரு குழந்தை முரடாக நடந்தால் அதை வெளியே நிறுத்துவதைத் தவிர வேறு வழியும் தெரியாது.

வேறு மாதிரியும் நடத்தலாம் என்பதை அதே ஜில்லாவில் என் கண்ணால் பார்த்தேன்.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி ஒருத்தி, திருச்செங்கோட்டுப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை. திருச்செங்கோடு என்றால் அர்த்தநாரீசுவரர் மலைக்கு அடுத்தபடி போர்வெல் வண்டிதான். 'ரிக்' என்று அங்கே எல்லாரும் சொல்லும் அந்த ராட்சச வண்டிகள், இந்தியாவின் எந்த மூலையில் பூமியில் துளை போட வேண்டுமானாலும் இங்கிருந்து கிளம்பிப் போகின்றன. அவற்றோடு போகிற ஆண்கள் திரும்பி வர மாதக்கணக்கில் ஆகும். அவர்களுடைய பிள்ளைகள்தான் என் தோழியின் ஆறாம் வகுப்பில் பாதிப் பேர். மீதிப் பேர் விசைத்தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கோழிப் பண்ணையில் வேலை செய்பவர் பிள்ளைகள். மொத்தம் 35 பேர்.

காலை மணி அடித்ததும் அவள் பாடத்தை ஆரம்பிக்கவில்லை. சுவரில் இந்தியா தேசப் படம் ஒன்று மாட்டியிருந்தது. கலர்த் தலை வைத்த குண்டூசிகள் அதில் குத்தியிருந்தன. பிள்ளைகள் வரிசையாக வந்து ஊசியைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தினார்கள்.

"எங்கப்பா ராய்ப்பூருங்க டீச்சர்!"

"எங்கப்பா நாக்பூரு தாண்டியாச்சுங்க!"

ஒரு சிறுமி மட்டும் திருச்செங்கோட்டிலேயே ஊசியை லேசாகத் தட்டிவிட்டுப் போனாள். "எங்கப்பா வீட்லதானுங்க இருக்காரு. தறி ஓட்டறாரு" என்றாள், ஏதோ பெரிய பதவியைச் சொல்வதுபோல. ஒரு பையனின் ஊசி திருப்பூரில் இருந்தது. அது அவன் அம்மாவுடையது. பனியன் கம்பெனியில் வேலை.

எல்லாம் பத்து நிமிஷம். "பூகோளம் நடத்த வேண்டிய பாதி வேலை இதிலேயே முடிந்துவிடுகிறது" என்று தோழி சிரித்தாள். ஆனால் அவள் அந்தப் படத்தை மாட்டியது பூகோளத்துக்காக இல்லை, ஒரு பையனுக்காக.

ஜூன் மாதம் வகுப்புத் தொடங்கியதிலிருந்து அவன் வாரம் ஒருவனை அடித்தான். ஒரு நாள் ஜாமெட்ரி பெட்டியை வீசி எறிந்ததில் இன்னொரு பையனுக்கு நெற்றியில் ரத்தம். 'அவன் சுபாவமே அப்படி' என்று ஆசிரியர் அறையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. தோழி மட்டும் அவன் சண்டை போட்ட தேதிகளை ஒரு நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது எல்லாம் பெரும்பாலும் திங்கட்கிழமைகளாக இருந்தன. அவன் பாட்டியை விசாரித்தாள். "ஞாயித்துக்கிழமை ராத்திரி அவங்கப்பன் போன் பண்ணுவானுங்க. டவர் கெடைக்காட்டி வராது. வராட்டி இவன் சோறு திங்க மாட்டானுங்க, டீச்சர்" என்றாள் அந்த அம்மாயி.

'சுபாவம்' என்று பெயர் வைத்திருந்தார்களே, அது என்னவென்று பார்த்தால், வராத ஒரு டெலிபோன்!

படம் மாட்டிய இரண்டாம் வாரம் அவனுடைய ஊசி ஐந்து நாளாக நகரவே இல்லை. இதற்கு முன்னால் அது அவன் ஒருவனுடைய கவலை. இப்போது 35 பேரின் கவலையாகிவிட்டது. இன்னொரு ரிக் வண்டியில் போயிருந்தவரின் மகன் ஒருவன், அன்று இரவு தன் அப்பாவிடம் போனில் விஷயத்தைச் சொன்னான். அவர் தமக்குத் தெரிந்த டிரைவர்களை விசாரித்தார். மூன்றாம் நாள் காலையில் அந்தப் பையன் ஓடிவந்து வாசலிலிருந்தே கத்தினான்: "டேய், உங்கப்பா வண்டி சேத்துல மாட்டிக்கிச்சாமா! உங்கப்பாவுக்கு ஒண்ணுமில்லியாமா!" செய்தி கொண்டுவந்தவன் யார் தெரியுமா? நெற்றியில் காயம் பட்ட அதே பையன்.

அன்றிலிருந்து அவன் யாரையுமே அடிக்கவில்லை என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை கை நீட்டினான். ஆனால் ஒன்று கற்றுக்கொண்டான். "டீச்சர், இன்னிக்கு எனக்குக் கோவமா வருதுங்க" என்று முன்கூட்டியே வந்து சொல்லக் கற்றுக்கொண்டான். தோழி அவனைக் குடிதண்ணீர்ப் பானையை நிரப்ப அனுப்பிவிடுவாள். நாலு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுவதற்குள் கோபம் பாதி வடிந்துவிடுமாம்.

அந்தப் பள்ளியில் மூத்த ஆசிரியர் ஒருவர் மெள்ளச் சொன்னார்: "அம்மா, எங்க காலத்துல ஒரு பிரம்பு போதும். இப்ப அதையும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க. நாப்பது புள்ளைகளை வெறுங்கையோட எப்படிங்க மேய்க்கிறது?" இது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2003-லேயே பள்ளிகளில் அடிப்பதைத் தடை செய்தார்கள். 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம், அடிப்பது மட்டுமல்ல, மனம் புண்படும்படி நடத்துவதும் குற்றம் என்று நாடு முழுவதற்கும் சொல்லிவிட்டது. ஆனால் பிரம்பு இருந்த இடத்தில் எதை வைப்பது என்று யாராவது உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்களா என்பதுதான் அவருடைய ஆதங்கம்.

தோழி கண்டுபிடித்த பதில் கரும்பலகையின் ஓரத்தில் இருந்தது. வகுப்புக்கான ஐந்து விதிகளைப் பிள்ளைகளே பேசி முடிவு செய்து எழுதியிருந்தார்கள். 'தப்பாகச் சொன்னால் சிரிக்கக் கூடாது' என்பது அதில் ஒன்று. சிரித்தால் என்ன தண்டனை? அதையும் அவர்களே முடிவு செய்திருந்தார்கள்: சிரித்தவர் எழுந்து நின்று அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்! நான் இருந்த அன்று ஒருவன் சிரித்து மாட்டிக்கொண்டு, எழுந்து நின்று பேந்தப் பேந்த விழித்தான். வகுப்பே அவனுக்கு எடுத்துக் கொடுத்தது.

பசியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். வெறும் வயிற்றோடு வருகிற பிள்ளைக்குக் கோபம் சீக்கிரம் வரும். அழுகையும் சீக்கிரம் வரும். இது தாய்மார்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்த காலைச் சிற்றுண்டித் திட்டம், இந்தப் பள்ளியின் சிறிய வகுப்புகளில் நன்றாகத் தெரிகிறது. உப்புமா சாப்பிட்டுவிட்டு ஒன்றாகத் தட்டுக் கழுவுகிற பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போதே பேச்சும் சிரிப்புமாக வருகிறார்கள்.

சுமார் நூறு வருஷத்துக்கு முன் குஜராத்தில் கிஜுபாய் பதேகா என்று ஒருவர் இருந்தார். வக்கீல் தொழிலை விட்டுவிட்டு, 1920-ல் பாவ்நகரில் குழந்தைகளுக்குப் பள்ளி தொடங்கினார். அந்தக் குழந்தைகள் அவருக்கு வைத்த பெயர் 'மீசை வைத்த அம்மா'! அவர் எழுதிய நூல் ஒன்று தமிழிலும் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர், முதல் நாள் வகுப்பில் பிள்ளைகளை மௌனமாக உட்காரவைத்துப் பார்ப்பார். பலிக்காது, ஒரே கூச்சல். மறுநாள் கதை சொல்ல ஆரம்பிப்பார். வகுப்பே கட்டுப்பட்டு உட்கார்ந்துவிடும். ஒழுங்கு வேண்டுமானால் முதலில் பிள்ளைகளுக்கு ஆசிரியரிடமும், ஒருவருக்கொருவரிடமும் பிரியம் ஏற்பட வேண்டும் என்று அந்தப் பெரியவருக்குத் தெரிந்திருந்தது.

பிரியம் ஏற்படுவதற்கு நம் ஊரில் பெரிய முட்டுக்கட்டை ஒன்று உண்டு. அதைப் பற்றிப் பேசாமல் நழுவிவிட முடியாது. 2023 ஆகஸ்டில் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனை அவனோடு படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அதன் பிறகு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவை அரசாங்கம் விசாரிக்கச் சொன்னது. 2024 ஜூனில் அவர் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களிலிருந்து ஜாதிப் பெயரை எடுக்க வேண்டும், ஜாதியைக் காட்டும் கலர்க் கயிறுகளைக் கையில் கட்டக் கூடாது, பிள்ளைகளைப் பெயரின் அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். பாருங்கள், நீதிபதி ஒருவரே 'பக்கத்தில் யார் உட்காருவது' என்பதில் வந்து நின்றிருக்கிறார்!

பக்கத்தில் உட்காரவைத்தால் மட்டும் போதுமா? அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்து ஆஸ்டின் நகரில் 1971-ல் இதே கேள்வி எழுந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் மெக்ஸிகோ வம்சத்துப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் சேர்த்தார்கள், சேர்த்ததும் சண்டை. எலியட் அரான்ஸன் என்ற மனோதத்துவப் பேராசிரியர் ஒரு யுக்தி செய்தார். பாடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தார். தன் துண்டை ஒவ்வொருவரும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் யாருக்கும் முழுப் பாடம் தெரியும். திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் நஷ்டம் தனக்கே என்று புரிந்ததும் கேலி நின்றது. மெள்ள மெள்ளச் சிநேகமும் வந்தது.

என் தோழி சிந்துவெளி நாகரிகத்தை இப்படித்தான் நடத்தினாள். சீட்டுக் குலுக்கி ஐந்து ஐந்து பேராக ஏழு குழுக்கள். ஒருவருக்கு நகர அமைப்பு, ஒருவருக்குக் குளியல் குளம், ஒருவருக்கு முத்திரைகள், ஒருவருக்கு வியாபாரம், ஒருவருக்கு உணவும் உடையும். மறுநாள் ஒரு தாயார் வந்து நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், எம் புள்ளைய அந்தத் தெருப் புள்ளைகளோட உக்கார வெச்சிருக்கீங்களாமா?"

"சீட்டு எடுத்தது உங்க புள்ளைதானுங்கக்கா. அவளுக்கு வந்த சீட்டு" என்றிருக்கிறாள் தோழி.

அந்த அம்மாள் மகளைப் பார்த்தாள். மகள் சொன்னாளாம்: "அவ இல்லீனா எனக்கு முத்திரைப் பாடமே தெரியாதும்மா." தாயார் திருப்தியோடு போனாள் என்று சொல்ல முடியாது. ஆனால் திரும்பவும் வரவில்லை. பிள்ளையை இடம் மாற்றச் சொல்லவுமில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்ந்து உட்காரும் பிள்ளைகள் ஊர்த் திருவிழாவிலும் சேர்ந்து நிற்பார்களா என்பது ஊரார் கையில் இருக்கிறது. பள்ளிக்கூடத்தால் செய்ய முடிந்தது அந்த முதல் சீட்டுத்தான்.

அந்த வகுப்பில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. யாராவது வரவில்லையென்றால், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் இருவர் சாயங்காலம் நோட்டுப் புத்தகத்தோடு அங்கே போக வேண்டும். விசைத்தறி வீட்டுப் பெண் ஒருத்தி ஒரு வாரம் வரவில்லை. அம்மாவும் தறிக்குப் போக ஆரம்பித்திருந்ததால் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள இவளை நிறுத்திவிட்டார்கள். இப்படி நின்றுபோகும் பெண்களை நாம் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறோம். முதலில் ஒரு வாரம், அப்புறம் ஒரு மாதம், அப்புறம் கல்யாணப் பேச்சு. இரண்டு சிறுமிகள் மூன்று நாள் தொடர்ந்து போனார்கள். திண்ணையில் உட்கார்ந்து மூன்று பேருமாகக் கணக்குப் போட்டார்கள். குழந்தையை மாற்றி மாற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். நாலாம் நாள் பாட்டி, "போ கண்ணு, போ. கொழந்தைய நான் பாத்துக்கறேன். இந்தப் புள்ளைக தெனமும் வந்து நிக்கறதப் பாத்தா எனக்கே ஒரு மாதிரியா இருக்குது" என்று அனுப்பிவிட்டாள்.

எல்லாக் கதையும் இப்படி முடிவதில்லை. போன வருஷம் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் வீட்டுக்கும் இப்படிப் பிள்ளைகள் போனார்கள்; தோழியும் போனாள். ஒரு நாள் வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு எங்கோ வேலைக்குப் போய்விட்டார்கள். அவனைப் பற்றிப் பேசும்போது தோழியின் குரல் மாறிவிட்டது. "என்னடி செய்வது? கடன் கொடுத்தவனிடம் நான் போய் வகுப்பு நடத்த முடியுமா?" என்றாள். பாடத்தை முடிக்க வேண்டும்; கணினியில் ஏற்ற வேண்டிய புள்ளிவிவரம் தலைக்கு மேல் கிடக்கிறது; நடுவில் இந்தப் பத்து நிமிஷத்தை அவள் எங்கிருந்தோ பிடுங்கித்தான் கொண்டுவருகிறாள். "பாடம் பாக்கி நிற்கிறதா?" என்று கேட்டேன். "சண்டை தீர்க்கிற நேரம் மிச்சமாகிறதே, அதில் சரிக்கட்டிவிடுகிறேன்" என்றாள்.

சரி, இதில் நமக்கு, அதாவது வீட்டிலிருக்கும் பெண்களுக்கு என்ன வேலை?

முதல் வேலை, அந்தக் கேள்வி. மார்க்கைக் கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது உலக வழக்கம், நம்மால் விட முடியாது. மார்க்குக்கு முன்னால் மனிதரைக் கேளுங்கள். 'யார் வரவில்லை?' என்று தினம் கேட்கிற வீட்டுப் பிள்ளை, தினம் கவனித்துக்கொண்டு வரும். யாருடைய சாப்பாட்டு டப்பா காலியாக இருந்தது, யார் மூலையில் உட்கார்ந்து அழுதார்கள் என்று அதன் கண்ணில் படத் தொடங்கும்.

இரண்டாவது, வகுப்புத் தாய்மார்களின் வாட்ஸ்அப் குழு. அதில் மார்க் பட்டியலைப் போட்டு யார் ஃபர்ஸ்ட் என்று பார்க்கிற பழக்கம், அரசாங்கம் 2017-ல் ஒழித்த ராங்க்கை நாமே வீட்டுக் கூடத்தில் திரும்ப நட்டு வளர்ப்பதுதான். அதே குழுவில், 'என் மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது, பாட நோட்டை யாராவது அனுப்புங்கள்' என்று ஒருத்தி கேட்டால் பத்து நிமிஷத்தில் நாலு பேர் அனுப்ப முடியும். ஒரே கருவிதான், உபயோகம் நம் கையில்.

மூன்றாவது விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. அரசு பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அதில் முக்கால் பங்குப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். கூட்டத்துக்குப் போனால் கட்டடம், கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி என்று பேச்சு வரும், அவையும் வேண்டியவைதான். அதோடு, 'நம் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எப்படி இருக்கிறார்கள்? எந்தக் குழந்தை தனியாக நிற்கிறது?' என்று ஒரு தாயார் எழுந்து கேட்டால், ஆசிரியைக்கு யானை பலம் வந்துவிடும். தனியே சமாளிக்க முடியாத கஷ்டம் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும் இருக்கின்றன. பிள்ளைகளுக்கும் இவற்றைச் சொல்லி வைக்கலாம்.

விடுதியில் சேர்த்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போது முறுக்கும் அதிரசமும் கொண்டு போகிறீர்கள் அல்லவா? கூட நாலு சேர்த்துக் கட்டிக்கொண்டு போங்கள். "பக்கத்துக் கட்டிலில் படுப்பவளைக் கூப்பிடு, நான் பார்க்க வேண்டும்" என்று சொல்லுங்கள். அவள் பெயர் என்ன, ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்று விசாரியுங்கள். அவளைப் பார்க்க அந்த வாரம் யாரும் வராமல் இருந்திருக்கலாம்.